கைப்பிடி இல்லாத கதவு

கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் கைப்பிடி வைத்தது டப்பிங் கலைஞர் துரைக்கண்ணுவின் சொந்த யோசனைதான். உள்ளே போய்ச் சாத்திக்கொண்ட பிறகே அது அவருக்கு உறைத்தது.

ஒலிப்பதிவு அறை என்று பெயர். உண்மையில் படுக்கையறை அலமாரி. எதிரொலி அடங்கப் பழைய மெத்தையைக் கிழித்து ஒட்டி, பற்றாத இடத்தில் மனைவி வேதவல்லியின் கூறைப்புடவையை ஆணியடித்திருந்தார். குரலை ஒரு கம்பெனிக்கு விற்றதிலிருந்து ஊரிலுள்ள லிஃப்ட், பஸ், அடுப்பு எல்லாம் அவர் குரலில்தான் பேசின. அசல் மனிதக் குரலே வேண்டுமென்று அடம்பிடிக்கும் ஓரிருவருக்காகத்தான் இந்த அறை.

கத்தினால் வெளியே கேட்காது. நல்லவேளையாக மைக்கையும் ஹெட்போனையும் சமையலறை இன்டர்காமோடு இணைத்திருந்தார்.

"இந்தாம்மா, கதவைத் திற!"

"அடுப்புக்கு எதுக்குக் கதவு? சும்மா கிட," என்று வேதவல்லியின் பதில் ஹெட்போனில் கேட்டது.

"அடுப்பில்லம்மா, நான்!"

"ஓ, ஃப்ரிட்ஜா? நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

துரைக்கண்ணுவுக்கு வேர்த்துக் கொட்டியது. "வேதா! ஏய் வேதவல்லி! மூச்சு முட்டுதுடி!"

கதவு திறந்தது.

"எனக்கும் அடுப்புக்கும் வித்தியாசமே தெரியலையா உனக்கு?" இதைத்தான் அவர் ஒரு வருடமாகப் பயந்து பயந்து கேட்டுவந்தார், அவளும் சிரித்தே மழுப்பிவந்தாள்.

"முதல் வார்த்தையிலயே தெரிஞ்சிடுச்சு. அடுப்பு மேடம்னு கூப்பிடும், நீங்க இந்தாம்மாங்கறீங்க. பேரைச் சொல்லி எத்தனை நாளாச்சு? சொன்னாத்தான் திறக்கறதுன்னு இருந்தேன்." பிறகு அவள் பார்வை சுவருக்குப் போனது. "அது என் கூறைப்புடவைதானே? மறுபடி உள்ள போங்க."