நிதானமான கை

ராணிப்பேட்டை மருந்துக் கம்பெனியின் கிடங்குக்குப் பரிமளா பொறுப்பாளர். அங்கிருந்த திராவகத்தை வைத்து மாத்திரையும் செய்யலாம், போதைப்பொருளும் செய்யலாம். அதனால் ஒவ்வொரு பீப்பாயும் அவள் உள்ளங்கை பட்டால்தான் திறக்கவேண்டும் என்பது சட்டம். மூடியிலுள்ள கருவி அவள் நாடியையும் பதிவுசெய்யும்; யாராவது மிரட்டி அது படபடத்தால் மூடி திறக்காது.

ஒரு மத்தியானம் மூன்று பேர் உள்ளே புகுந்தார்கள். அங்கேயே லோடு ஏற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் லோகுவை இரும்புக் கம்பியால் முட்டியில் அடித்துச் சாய்த்தார்கள்.

"கைய வையிம்மா."

வைத்தாள். மூடி அசையவில்லை.

"நான் தரமாட்டேன்னு சொல்லலண்ணா. பயந்தா இது தொறக்காது."

"அப்ப பயப்படாத," என்றான் ஒருவன். கம்பி லோகுவின் கையில் இறங்கியது.

அவள் கண்ணை மூடி மூச்சை அடக்கிப் பார்த்தாள். எலும்பு முறியும் சத்தத்தில் நெஞ்சு மறுபடி அடித்துக்கொண்டது. அடுத்த அடி லோகுவின் தலையில் விழுந்தது. அவன் அலறல் பாதியில் நின்றது.

பரிமளா அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே மரத்துப்போய் உட்கார்ந்தாள். ஒருவன் அவள் கையை இழுத்துப் பீப்பாயில் வைத்தான். மூடி திறந்துகொண்டது.

சாயங்காலம் வந்த போலீஸ் அதிகாரி பீப்பாயின் பதிவைப் படித்தார்.

"நாடி எழுபத்திரண்டு. நிதானமாத்தான் தொறந்து குடுத்திருக்கீங்க."

"எம் புருஷன் செத்துக் கெடந்தாரு சார்."

"மிரட்டியிருந்தா தொறந்திருக்காதேம்மா."

பெண் காவலர் விலங்கோடு வந்தார். பரிமளா இரண்டு கைகளையும் நீட்டினாள். அப்போதுதான் அவை நடுங்கத் தொடங்கின.