பத்துக்குப் பத்து

குறும்படம் முடிந்ததும் ஈப்போ மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் யுகேந்திரன் வாயெல்லாம் பல்லாக மேடையில் நின்றான்.

"காருக்குள்ள அந்தப் பொண்ணு அழுததுக்கே பத்துக்குப் பத்து போட்டுட்டேன்," என்றார் நடுவர். "மேலே வாம்மா! எப்படி அப்படி நடிச்சே?"

தை மாதம் அவனுக்கு மாலையிடப் போகும் துளசி மேடையேறினாள்.

"கலக்கிட்டே லா! ரெண்டு வார்த்தை பேசு," என்று மைக்கை நீட்டி அவன் கிசுகிசுத்தான்.

"நான் நடிக்கல சார்," என்றாள் துளசி. "போன மாசம் தாப்பா டவுனுக்குக் காருல போற வழியில, கல்யாணமே வேணாம்னு இவரு சொன்னாரு. அழுதேன். மறுநாள் வந்து, 'சும்மா விளையாட்டு லா'ன்னாரு. நானும் நம்பிட்டேன். காருல கேமரா இருந்தது இப்பதான் தெரியுது."

துளசி நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றினாள்.

"நடிச்சது இவருதான் சார். மார்க்கெல்லாம் இவருக்கே போடுங்க," என்றவள், மைக்கோடு மோதிரத்தையும் அவன் கையில் திணித்துவிட்டு இறங்கினாள்.