அந்தோணியாரின் பார்வை

"அழுத்திப் பிடிண்ணா, பசை இறுகுது!" என்று தங்கை கத்துகிறாள். அண்ணன் இரண்டு உள்ளங்கைகளாலும் மர அந்தோணியாரின் முகத்தைத் தலையோடு சேர்த்து அமுக்குகிறான். கண்ணாடிக் கண்களை உள்ளிருந்துதான் பதிக்க முடியும் என்பதால், முகத்தை முகமூடி போல அறுத்தெடுத்து, கண் வைத்து, மறுபடி ஒட்டுகிறார்கள். செதுக்குவது அவன், கண்ணும் வண்ணமும் அவள். காதோரம் பசை தேன் மாதிரி வழிகிறது. ஜன்னல் வெயில் பழுப்பு அங்கியின் தங்கப் பூக்களில் ஊர்ந்து, இன்னும் வண்ணம் ஏறாத மரக் கன்னத்தைத் தாண்டி, கண்களுக்குச் சட்டென்று உயிர் கொடுக்கிறது. அண்ணன் திடுக்கிடுகிறான். "அடியே, இவர் எங்கே பாக்குறாரு? காலடியில முழங்கால் போடுறவங்களைப் பாக்க வேணாமா? வாசல்ல மாமியார் வந்து நின்ன மாதிரி அங்கேயே முழிக்கிறாரே! இப்பவே பிரிச்சுடுறேன்." நகம் இணைப்பில் நுழைகிறது.

"பிரிக்காதேண்ணா. தெரிஞ்சுதான் வச்சேன். கோயில்ல கடைசி பெஞ்சைப் பாக்குறாரு."

"அங்கே யாரு இருக்கா? நீ முன்னாடி உங்க அண்ணி பக்கத்துலதானே உக்காருறே?"

அவள் தூரிகையைத் துடைக்கிறாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது, இன்னும் துடைக்கிறாள்.

"நீ பாட்டுக்குழுவோட பின்பக்க மாடியில நின்னு பாடுறே, கீழே நடக்குறது உனக்குத் தெரியாது. அந்தக் கடைசி பெஞ்சுல நான் மட்டும்தான் இருக்கேன். என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போன மறுவாரமே, அண்ணிதான் என்னை எழுந்து பின்னால போகச் சொன்னாங்க."