மெத்தையின் அடிப்பக்கம்

மனைவி வில்மாவின் ரப்பர் செருப்புச் சத்தம் சுற்றுலா முகாமின் பொதுக் குளியலறைப் பக்கம் தேய்ந்து மறையும்வரை லேண்டர்ட் போர்வைக்குள் அசையாமல் கிடந்தார்.

பிறகு கையை இடுப்புக்குக் கீழே விட்டுப் பார்த்தார்.

ஈரம். இன்றைக்கும்.

எழுந்து வேன் கதவை உள்ளே தாழிட்டார். அவளுடைய ஹேர் டிரையரை எடுத்துப் பிளக்கில் செருகினார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் விரிப்பு காய்ந்தாக வேண்டும்.

வெளியே வடகடல் காற்று அணைக்கரையைத் தாண்டி வந்து வேனை உலுக்கியது. பழைய டெலிவரி வேன். படுக்கை, அடுப்பு, அலமாரி என்று ஒவ்வொன்றையும் தன் கையாலேயே பொருத்தி அதை வீடாக்கியவர் அவர். இன்னும் சில நாளில் இதை ஓட்டிக்கொண்டு போர்ச்சுகல் போய், குளிர்காலம் முழுக்க வெயிலில் கிடப்பதாகத் திட்டம்.

அந்தத் திட்டத்துக்கு இன்று காலை முடிவு கட்டப்போகிறார்.

அண்ணன் ஆரிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் படுக்கை நனைந்தது. அப்புறம் கார் சாவி பிள்ளைகள் கைக்குப் போனது. கடைசியில் முதியோர் இல்லத்தில், ரப்பர் விரித்த கட்டில்.

வேனை விற்கச் சொல்லி மகள் மிரியம் எப்போதோ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

வில்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தினமும் கண் விழித்ததும், ரொட்டி தீர்ந்துவிடும் என்று அவரை முகாம் கடைக்கு விரட்டுவாள். திரும்பி வந்தால் படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருக்கும். சீசன் முடிந்து இன்று கடையை மூடிவிட்டார்கள். விரட்ட வழியில்லாமல், தயங்கித் தயங்கித்தான் குளிக்கப் போனாள். தன் பக்கத்தை வந்து தானே சரிசெய்துகொள்வதாக வேறு இரண்டு தடவை சொன்னாள்.

நேற்று நடந்ததுதான் அவரை நொறுக்கிவிட்டது. தொண்டை கரகரக்கிறது, மாத்திரை வாங்க வேண்டும் என்று தனியாகச் சைக்கிளில் ஊருக்குள் போனாள். வந்த பிறகு ஒரு மாத்திரையும் கண்ணில் படவில்லை. இருமவும் இல்லை.

மிரியமுக்குப் போன் செய்யத்தான் போயிருக்கிறாள். வேறென்ன?

தாயும் மகளும் வந்து சொல்வதற்கு முன், வேனை விற்றுவிடலாம் என்று தானே சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தார். ஆனால் ஈர விரிப்பில் உட்கார்ந்துகொண்டு அல்ல.

தன் பக்கத்து விரிப்பை உருவினார். மெத்தை இரண்டு துண்டு; மெத்தையும் விரிப்பும் ஆளுக்கு ஒன்று. தன் துண்டைத் திருப்பிப் போட்டால் கறை தெரியாது என்று தோன்ற, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்.

கை வழுக்கியது.

அடிப்பக்கம் சொதசொதவென்று நனைந்திருந்தது. கீழே பிளைவுட் பலகை மழையில் கிடந்ததுபோல் மினுங்கியது. ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள்.

ஒரு மனுஷனுக்குள் இவ்வளவு தண்ணீரா?

குனிந்து முகர்ந்து பார்த்தார். இத்தனை நாளும் அதற்குத் துணிச்சல் வந்ததில்லை. ஊறிய கட்டையின் வாடை. வேறொன்றுமில்லை.

கால் பக்கம் தடவினார். ஈரம். தலைப்பக்கம் தடவினார். அங்கேயும் ஈரம்.

நிமிர்ந்தார். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஆயுள் முழுக்கக் கண்ணாடிக் குடிலில் தக்காளி வளர்த்தவர். காலையில் கூரையைத் திறந்து காற்று விடாவிட்டால் செடி மூச்சு விட்ட ஈரமெல்லாம் அதன் தலையிலேயே சொட்டும் என்று ஊருக்கே சொன்னவர். அவர்தான் இங்கே காற்றுக்குப் பயந்து ஜன்னல் இடுக்குகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார். இரண்டு பேர் உடம்புச் சூடு, இரண்டு பேர் மூச்சு. போக்கிடம் இல்லாமல் மெத்தை வழியாக இறங்கி, அடியில் சில்லென்று கிடந்த பலகையில் தண்ணீராகி நின்றிருக்கிறது.

அலமாரியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது.

கதவு தடதடத்தது.

"எதுக்குப் பூட்டிக்கிட்ட, கிழவா? உள்ள எவளையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

திறந்தார். தலையில் துண்டோடு நின்ற வில்மா, தூக்கி நிறுத்தியிருந்த மெத்தையைக் கண்டதும் வெளுத்துப்போனாள். வேனை அலங்கோலப்படுத்தியதற்காக என்று நினைத்தார்.

ஆரி, ஹேர் டிரையர், வேனை விற்க நினைத்தது என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். கட்டில் செய்யும்போதே, அடியில் இடைவெளி விட்டு மரச்சட்டம் அடி என்று அவள் சொன்னதையும், முழுப் பலகைதான் உறுதி என்று தான் அடம்பிடித்ததையும் ஒப்புக்கொண்டார். பலகை நெடுக ஓட்டை போடுவேன், மெத்தைக்கு அடியில் காற்றோடும் வலை விரிப்பேன், குளிர்ந்தாலும் ஜன்னலை விரற்கடை திறந்தே வைப்பேன் என்றார்.

அவள் நம்பாதவள்போல் பார்த்தாள்.

"தலகாணிக்கு அடியில தொட்டுப் பாரேன். தலை வழியா யாராவது மூத்திரம் போவாங்களா?"

தொட்டாள். பிறகு தன் தலையணைக்கு அடியிலும் கைவிட்டுப் பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

நேற்று மிரியமிடம் போனில் என்னதான் சொன்னாய் என்று கேட்டார்.

அவளுக்குப் புரியவில்லை. போனை எடுத்துப் போகவே இல்லையே என்றாள். அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க, அவள் உதட்டோரம் மெல்லத் துடித்தது.

தன் பக்கத்து விரிப்பை விலக்கினாள். மெத்தைமேல் பஞ்சு வைத்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று கச்சிதமாக ஒட்டியிருந்தது. படுக்கையில் சிறுநீர் போகும் கிழவர்களுக்கென்று மருந்துக்கடையில் விற்பது. உரித்தெடுத்தாள். மேல்பக்கம் காய்ந்து மொரமொரத்தது. அடியில்தான் ஈரம் சொட்டியது.

அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"தொண்டை மாத்திரை," என்றாள்.