ஸ்டாம்ப் நக்கிய நாக்கு

"ஒரே ஒரு நக்கு போதும் மாப்ள. இந்த மரம் போன ஜென்மத்துல என்னவா இருந்துச்சுன்னு சொல்லிருவேன்" என்றார் மாமா.

பழைய கதவு, ஜன்னல் விற்கும் கடை அது. அங்கே அடுக்கியிருந்த கதவுகளுக்கு வாய் இருந்தால் பொத்திக்கொண்டிருக்கும். அவர் மனைவி பொத்திக்கொண்டாள். கடைக்காரன் அவளுடைய சொந்தத் தம்பி. அவன் எதிரில் இப்படி மானத்தை வாங்குகிறாரே என்று அக்காவுக்கு ஆத்திரம்.

ரிடையரான கையோடு மாமா கிட்டார் செய்யக் கிளம்பியிருந்தார். வாசிக்கத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. முகப்புக்கு இலேசான பைன் பலகை, கழுத்துக்கு மகோகனி, இரண்டும் கிடைத்துவிட்டன. முதுகுக்குத்தான் ஈட்டி மரம் வேண்டும். நூறு வருஷம் காய்ந்த ஈட்டிப் பலகை ஒன்று தம்பியின் கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. அதை அவன் யாருக்கும் தருவதாக இல்லை.

"மரத்தைத் தட்டிப் பாப்பாங்க, மோந்து பாப்பாங்க. எந்த ஊர்ல மாமா நக்கிப் பாக்குறாங்க?"

"தபாலாபீஸ்ல முப்பத்து நாலு வருஷம் ஸ்டாம்ப் நக்கின நாக்கு மாப்ள இது. கோந்து ருசியை வச்சே உள்ள இருக்கிறது நல்ல சேதியா கெட்ட சேதியான்னு சொல்லியிருக்கேன்."

தம்பி இரண்டடி பின்னால் நகர்ந்தான். அவன் சுத்தக்காரன். கைப்பிடியைக் கைக்குட்டை வைத்துத்தான் தொடுவான். கடை மரத்தில் தானே செய்த சாப்பாட்டு மேசையை மூன்று வேளையும் சோப்புப் போட்டுத் துடைப்பான். அதில் யாராவது முழங்கையை ஊன்றினால் முழங்கையையும் சேர்த்துத் துடைப்பான்.

"சரி, மூணு பலகை தரேன். மூணையும் சரியாச் சொன்னா ஈட்டிய எடுத்துக்குங்க. ஒண்ணு தப்பினாலும் இந்தக் கருமத்தை என் கடையில வச்சுக்கக் கூடாது."

மாமா நாக்கை நீட்டினார். ஒரு முழம் வந்தது. முதல் பலகையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பு.

"பள்ளிக்கூட பெஞ்சு. கடைசி வரிசை. ஒரு பய விடாம மூக்குச்சளியை இதுலதான் தடவியிருக்கான்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது பலகைக்கு மாமா கொஞ்சம் சப்புக்கொட்டினார்.

"ஆஸ்பத்திரி மருந்து அலமாரி. இருமல் மருந்து கொட்டியிருக்கு. அதுல ஒரு கரப்பான்பூச்சி விழுந்து செத்திருக்கு."

"ஆணா, பொண்ணா?" என்றான் தம்பி.

"பொண்ணு. வயசானது."

இரண்டும் சரிதான். ஆனால் பெஞ்சில் காம்பஸ் முனையால் கிறுக்கிய பெயர் இருந்தது, அலமாரியில் பாட்டில் வட்டம் இருந்தது, கண்ணால் பார்த்துவிட்டு நாக்கு மேல் பழியைப் போடுகிறார் என்று தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு கதவைத் தூக்கி வந்தான். வழுவழுவென்று இழைத்தது, தடயமாக ஒரு கீறல் கிடையாது.

மாமா நக்கினார். கண்ணை மூடினார். சந்தேகம் தீர இன்னொரு முறை நக்கினார்.

"உப்பு. பஸ் ஸ்டாண்டு ஆம்பளைங்க கக்கூஸ் கதவு. உள்பக்கம்."

"கடவுளே, அதைப் போய் ரெண்டு தடவை..." அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது லைப்ரரி கதவு மாமா." தம்பியின் குரல் ஏறிவிட்டது. "கட்டடத்தை இடிச்சவன் சத்தியம் பண்ணிக் கொடுத்தான். நாலு வந்துச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

"மத்த மூணு என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"நல்ல இடத்துக்குத்தான் போச்சு."

"மேலாக்க ஒரு நூல் கனம் இழைச்சிட்டா போயிருமா? ஊறின உப்பு மாப்ள. லைப்ரரிக்கு வர்றவன் புஸ்தகம் படிப்பானா, கதவு மேல ஒண்ணுக்கு அடிப்பானா? நம்பிக்கை இல்லேன்னா நீயே நக்கிப் பாரு."

"சீ, நீங்களும் ஒரு மனுஷனா?" தம்பியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "தோத்துட்டீங்க. கிளம்புங்க."

ஒரு பலகையைக் கொடுக்க மனசில்லாமல் கூடப்பிறந்தவன் இப்படியா மூஞ்சி செத்துப்போவான் என்று அக்காவுக்கு வருத்தம்.  ஆனாலும் வழியெல்லாம் கணவரை விட்டுப் பத்தடி தள்ளியே நடந்தாள். வீட்டு வாசலிலேயே பற்பசை ட்யூபை முழுசாக அவர் கையில் கொடுத்தாள். அதைக் காலி பண்ணிவிட்டு, மாமா முதுகில்லாத கிட்டாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"உப்புதான்" என்றார், பைன் பலகையிடம்.

மறுநாள் காலை தம்பி வந்தான். கக்கத்தில் ஈட்டிப் பலகை. பொட்டுத் தூசி தாங்காதவன் தலையில் ஒட்டடை, முழங்கால் இரண்டிலும் புழுதி. யாரையும் பார்க்காமல் நேரே குழாயடிக்குப் போய் எட்டு முறை வாய் கொப்பளித்தான். ஒன்பதாவதுக்குத் தண்ணீர் நின்றுவிட்டது.

"என்னடா கோலம் இது? வா, ஒரு வாய் சாப்பிடு" என்றாள் அக்கா.

"சாப்பாட்டுப் பேச்சை எடுக்காதக்கா. நேத்திலேருந்து எங்க வீட்ல ஒருத்தரும் சாப்பிடல."

ஈட்டிப் பலகையை மாமாவின் மடியில் வைத்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"எங்க சாப்பாட்டு மேசையோட அடிப்பக்கமும் உப்புதான் மாமா."