கூப்பிட்டால் வருகிற புலி

மிருகக்காட்சி சாலைக்கு வரும் புது டாக்டர் தன் புலியையும் கூட்டி வருகிறார் என்று குரங்கு சொன்னதிலிருந்து, கூண்டுப் புலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வந்து இறங்கியதோ, தரை துடைக்கிற மாப்புக்குக் கால் முளைத்த மாதிரி ஒரு நாய்.

"நீயெல்லாம் புலியா?" என்று உறுமியது புலி.

"ஹங்கேரியில எங்க இனத்துக்கே அதுதாங்க பேர். ஆடு மேய்ப்போம்."

"ஆடு மேய்க்க என் பேரா? மரியாதையாக மாற்றிக்கொள்."

"மாத்திட்டா, கூப்பிடும்போது எப்படிங்க ஓடுவேன்? உங்களை யாரும் கூப்பிட்டதில்லையா?"

புலி யோசித்தது. அதன் பேரைச் சொன்னவர்கள் எல்லாம் சொன்ன கையோடு ஓடித்தான் போயிருக்கிறார்கள்.

சாயங்காலம் டாக்டர் சோற்றுத் தட்டோடு வந்து, "புலி, வாடா கண்ணா" என்றார்.

நாய் சோம்பல் முறித்து எழுவதற்குள், கம்பியோரம் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது புலி.