வாய் வைக்காத பிள்ளை

கதவு சாத்தித்தான் இருந்தது.

அப்படியும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் பால் கொடுத்தாள். எட்டு வருஷமாக மறைத்தே பழகிய உடம்பு.

மடியில் இருபது நாள் ஆண் குழந்தை. பசி பொறுக்காதவன். கொஞ்சம் தாமதமானாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடுவான்.

காலை மாத்திரையைப் போட்டாகிவிட்டது. அவனுக்கும் சொட்டு மருந்து கொடுத்தாகிவிட்டது. தண்ணீர்கூட நாக்கில் வைக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு உன் பால் மட்டும்தான் என்று ஆஸ்பத்திரி ஆலோசகர் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

எச்.ஐ.வி. இருக்கிற தாயும் மருந்தை விடாமல் எடுத்தால் பால் கொடுக்கலாம் என்று அந்த அம்மா முதல் பிரசவத்தின்போதும் சொல்லத்தான் செய்தார். ஒன்று, தாய்ப்பால் மட்டும். இல்லையென்றால் பவுடர் பால் மட்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. யோசித்துச் சொல் என்றார்.

அவள் யோசிக்கவில்லை. பயந்தாள்.

பவுடர் என்றாள்.

யாரும் அவளைத் தடுக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

மார்புக்கு இதெல்லாம் தெரியுமா? மூன்றாம் நாள் கல்லாகக் கட்டிக்கொண்டது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று கேள்விப்பட்டிருந்தாள். கணவன் இரண்டு முழம் வாங்கி வந்தான். அவனுக்கும் அதே நோய். வீட்டில் விஷயம் தெரிந்தது அவனுக்கு மட்டும்தான்.

குளியலறையில் நின்று கட்டிக்கொண்டாள். பூ நனைந்து கனத்தது. அழுதுகொண்டே ரவிக்கையை இழுத்து மாட்டினாள்.

வெளியே வந்தால் கணவனின் தங்கை ஈஸ்வரி நிற்கிறாள். அவள் மூக்கு சும்மா இருக்குமா?

"என்ன மதினி, பூ வாசம் தூக்குது? பாலு வத்திப்போகுமே!"

அகப்பட்டுக்கொண்ட அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

பிள்ளை வாய் வைக்கவே மாட்டேன் என்கிறது. பால் கட்டிக்கொண்டு உயிர் போகிறது.

மூன்று நாள் பிள்ளை மறுத்துப் பேசவா போகிறது?

நம்பிவிட்டார்கள். நம்பியதோடு நிற்கவும் இல்லை. பெற்றவள் பாலையே வேண்டாம் என்று துப்பிய சீமாட்டி என்று விசேஷ வீடுகளிலெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளை ஒல்லியாக இருந்தாலும் அதுதான் காரணம். சளி பிடித்தாலும் அதுதான் காரணம்.

அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பாவி.

அந்தப் பிள்ளை வர்ணிகாவுக்கு இப்போது எட்டு வயது. ஒன்றரை வயதில் பார்த்த பரிசோதனையிலேயே நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பில் அவள்தான் முதலில் ஓடி முடிப்பவள்.

கதவு திறந்தது. வர்ணிகாதான். சீருடை போட்டு, ஒரு பக்கம் மட்டும் ரிப்பன் கட்டியிருந்தாள். அருகில் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள். தம்பி குடிப்பதை வெகுநேரம் பார்த்தாள்.

"தம்பி நல்ல பிள்ளைலம்மா. நான்தான் ஒங்கிட்ட குடிக்கவே மாட்டேன்னுட்டேன். ஒனக்கு ரொம்ப வலிச்சுச்சாம்ல, அத்தை சொன்னாங்க."

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சாரிம்மா."

இல்லை என்று சொல்ல வேண்டும். நீ ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது ஈஸ்வரிக்குப் போகும். நாளைக்குத் தெருவுக்குப் போகும். அதற்கு மறுநாள் வர்ணிகாவின் பெஞ்சில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

"பரவால்ல தாயி. அப்ப நீ சின்னப்பிள்ளை. ஒனக்கென்ன தெரியும்?"

வர்ணிகாவின் முகம் தெளிந்துவிட்டது. தம்பியின் உள்ளங்காலில் ஒரு முத்தம் வைத்தாள்.

"இனிமே நீ எது குடுத்தாலும் வேண்டாம்னே சொல்ல மாட்டேம்மா."

பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.